பிசிறில்லாத போடியம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "பிசிறு வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும்.

காரணம் இல்லாமல் யாருக்கும் அப்படி ஒரு பட்டப்பெயர் வந்துவிடாது. புதுத் துணி வாங்கினால், போட்டுப் பார்ப்பதற்கு முன் உட்புறத்தைத் திருப்பி நூல் முனைகளை வேட்டையாடுவாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியில் அச்சுக்கோடு துருத்திக்கொண்டிருந்தால், நகம் தேய்க்கும் அரத்தால் அதை மழித்த பிறகுதான் வாய்க்குள் விடுவாள். கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாக அவள் கையைப் பிடித்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்: "இந்தப் பக்கம் நகம் பிசிறா இருக்குங்க." அவர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு போட்டோ பிரேம் கடையில் வேலை பார்த்தாள். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையைச் சாய்வாக வெட்டுவது அவள் வேலை. அங்கே வந்த படங்களில் பாதி செத்தவர்களுடையவை. செத்தவர் முகம் எந்த லட்சணத்தில் இருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் அட்டையின் ஓரம் கத்தி போல இருக்கும். "இருக்கும்போது இவருக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது" என்று பிள்ளைகளே சொல்லி வாங்கிப்போவார்கள்.

புருஷன் தச்சர். வீட்டுக்குப் பின்னால் ஷட்டர் போட்ட பட்டறை. கதவில் பூவேலை செய்வதற்காக அவர் ஒரு சிஎன்சி ரவுட்டர் வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், பிட் என்னும் சுழலும் வெட்டுமுனையைத் தானே நகர்த்திக்கொண்டுபோய்ப் பலகையை வெட்டித் தரும் மெஷின். ஒரு கட்டில் அளவுக்கு மேசை, அதன் தலைக்கு மேல் யானைக்கால் வீங்கினாற்போல ஒரு தூசிப் பை. மெஷின் வந்த நாளிலிருந்து தச்சர் உளியை எடுத்தது முதுகு சொறிய மட்டும்தான். கம்ப்யூட்டர் எலியைப் பிடித்தால் அவர் கைக்கு அது சோப்பு போல வழுக்கியது. அதனால் வரைகிற வேலை, போன் எடுக்கிற வேலை, கூட்டுகிற வேலை மூன்றும் அவள் தலையில் விழுந்தன. மெஷினின் பொத்தானை அமுக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கும் வேலை தச்சருடையது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் அக்ரிலிக்கைக் கொண்டுவந்து விட்டவள் நாத்தனார்.

தச்சரின் அக்காவான அவள் குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினர். வாய்க்கு விடுமுறை கொடுத்தே பழக்கமில்லாதவள். ஒரு நாள் பட்டறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சங்கத்துக்குப் புது ஹால் கட்டியாச்சு. தலைவருக்குப் பேச ஒரு போடியம் வேணுமாம். மரம் வேண்டாமாம். மேலேருந்து கீழ வரைக்கும் கண்ணாடி மாதிரி தெரியணுமாம்."

"எதுக்கு அண்ணி?" என்றாள் பிசிறு.

"வெளிப்படையான நிர்வாகமாம். ஜனங்களுக்கும் தலைவருக்கும் நடுவுல மறைப்பே இருக்கக் கூடாதாம். சொல்லும்போது அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு."

தச்சர் அப்போது கடைக்குப் போயிருந்தார். பிசிறுக்குக் கண்ணாடி போலத் தெளிவான, கனத்த அக்ரிலிக் பிளாஸ்டிக் பலகையின் ஓரம் மனக்கண்ணில் தெரிந்தது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். "செஞ்சு தரோம்னு சொல்லிடுங்க" என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

தச்சர் திரும்பி வந்து குதித்தார். "என்னைக் கேக்காம எப்படி ஒத்துக்கிட்ட? அது மரமா? மோந்து பார்த்தா ஒரு வாசனை உண்டா?" குதித்து முடித்ததும், ஒத்துக்கொண்ட வேலையை விட்டால் அக்காள் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில், ஒரு அக்ரிலிக் ஷீட்டை மேசையில் ஏற்றினார். கதவு வெட்டும் அதே பிட். கதவு வெட்டும்போது பிட் சுற்றும் அதே வேகம். விலையுயர்ந்த சாமான் ஆயிற்றே என்று பிட் நகரும் வேகத்தை மட்டும் குறைத்தார். பொத்தானை அமுக்கி இடுப்பில் கை வைத்தார். பல் டாக்டர் அறையின் வாசனை எழுந்தது. மெஷின் முன்னால் வெட்டிக்கொண்டே போனது. வெட்டிய இடம் பின்னால் உருகி ஒட்டிக்கொண்டே வந்தது. ஷீட்டைச் சுற்றி வந்து முடித்தபோது, ஷீட் முன்பு இருந்தது போலவே ஒரே துண்டாக இருந்தது. வெட்டின இடத்தில் மட்டும் ஆறின தழும்பு. பிட்டின் முனையில் குளவிக்கூடு போல ஒரு உருண்டை. இரண்டாவது சுற்றில் பிட் முறிந்து தூசிப் பைக்குள் போய் விழுந்தது.

"இது சாமானே இல்ல, ஒரு வியாதி" என்றார் தச்சர். "ஒத்துக்கிட்டவளே வெட்டிக்கோ. நான் வெளிய போறேன்."

வெளியே என்றால் வாசல் வரைக்கும். அங்கே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசிறு மெஷினைத் தொடவில்லை. கீழே கிடந்த கழிவைக் கூட்டி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரத்தை வெட்டினால் சீவல் வரும், தூள் வரும். இது நூல் நூலாக, சவ்வு போல இழுபட்டுக் கிடந்தது. வெட்டுப்படவில்லை, வெந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. வேகமாகச் சுற்றுகிற பிட் ஒரே இடத்தில் நின்று உரசினால் சூடு எங்கே போகும்? இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் துணி பிழைக்கும், ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசப் போனால் ஓட்டை விழும். விலையுயர்ந்த சாமான் என்று தச்சர் மெல்ல ஓட்டியதுதான் தப்பு. சுற்றுகிற வேகம் குறைய வேண்டும், நகர்கிற வேகம் கூட வேண்டும். வெட்டுப்படும் சில்லே சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

பிட் கடைக்குப் போய், பிளாஸ்டிக்குக்கு என்று இருக்கும் ஒற்றைப் பல் பிட்டைக் கேட்டாள்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பல்லு எடுத்துக்குங்கம்மா, சீக்கிரம் வெட்டும்."

"ஒரு பல்லுதான் வேணும். சில்லு வெளிய வர இடம் வேணும்ல? வாய் நிறைய பல்லா இருந்தா எங்கேருந்து துப்பறது?"

கடைக்காரர் நாக்கால் தன் பல் வரிசையை ஒரு முறை தடவிக்கொண்டு, பிட்டை எடுத்துக் கொடுத்தார்.

புது பிட்டை மாட்டி அவள் நகரும் வேகத்தைக் கூட்டியபோது, வாசலில் நின்றவர் உள்ளே பாய்ந்தார். "அடிப்பாவி, அது பறக்குது பாரு, உடையப் போகுது!" உடையவில்லை. உப்புக்கல் போல வெள்ளைச் சில்லுகள் தெறித்து விழுந்தன. நாற்றம் இல்லை. அவள் வெட்டிய துண்டை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினாள். பனி படர்ந்த கண்ணாடி போல, சன்னமாக, ஒரே சீராக இருந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தூசி" என்று தானே சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அந்த பிட்டை வேலை முடிந்ததும் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பீரோவில் அவள் தாலிக்கொடியைக்கூடப் பூட்டி வைத்ததில்லை. மரத்தை வெட்டினால் பிட்டின் முனை மழுங்கிவிடும், அக்ரிலிக்கைத் தவிர எதையும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம்.

சட்டம் என்று ஒன்று இருந்தால் மீறுகிறவரும் இருப்பார் அல்லவா. ஒரு நாள் காலையில் போடியத்தின் மேல்பலகையை வெட்டினாள். வேகம் அதே வேகம், ஷீட் அதே ஷீட். ஓரத்தில் விரலை வைத்ததும் நின்றுவிட்டாள். பூனை நாக்கு போலச் சொரசொரப்பு. பிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க."

"என்ன உண்மை?"

"இது மரத்தைத் தொட்டிருக்கு."

தச்சர் முகம் போன போக்கைப் பார்த்தால், வேறு வீட்டில் பிடிபட்ட ஆம்பிளை கெட்டான். "ஒரே ஒரு தடவைதான்..." என்று இழுத்தார்.

"எங்க?"

"அந்த ஷூ வைக்கிற ஸ்டாண்டுக்கு. சின்னப் பலகை. உடனே நிறுத்திட்டேன்."

"நான் வீட்ல இல்லாத நேரம் பார்த்து, பீரோ சாவியை எடுத்து..."

"கூர்மையா இருந்துச்சு. மனசு கேக்கல. தப்புதான்."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "டேய், நம்ம அப்பாகூட இந்த மாதிரி மாட்டினதில்லடா!" பிசிறு அன்று முழுக்கப் புருஷனோடு பேசவில்லை. மறுநாள் தச்சர் தானே போய் ஒரு புது ஒற்றைப் பல் பிட் வாங்கி வந்து, பழையதை 'இது என்னுது' என்று தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் நியாயம் கிடைத்தது.

அடுத்த வம்பு ஷீட் கடையில். இரண்டாவதாக வாங்கிவந்த ஷீட் அதே பிட்டுக்கு, அதே வேகத்துக்குப் பிசின் போல இழுத்தது. தாறுமாறாக ஒட்டியது. பிசிறு அந்தத் துண்டையும் பழைய துண்டையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

"ரெண்டும் அக்ரிலிக்தாம்மா" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு வெட்டுப்படுது, இன்னொண்ணு உருகுதே?"

"அது வந்து, ஒண்ணு அச்சுல ஊத்தி உறைய வச்சது. இன்னொண்ணு பற்பசை மாதிரி மெஷின்ல பிதுக்கி எடுத்தது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர்கூட பார்க்க உங்க மாதிரியேதான் இருக்கார். கொண்டுவந்து உங்க வீட்ல விடட்டுமா?"

கடைக்காரர் ஊற்றி உறைய வைத்த ஷீட்டை உள்ளேயிருந்து எடுத்து வரச் சொன்னார்.

கடைசித் தொல்லைதான் அவளைப் பெரிய பாடு படுத்தியது. பிட் சுற்றி வரும்போது ஒரு பக்கம் வழவழவென்றும் மறு பக்கம் கீறலாகவும் விழுந்தது. ஷீட்டின் அடியில் முழுக்க இரட்டைப் பக்க டேப் ஒட்டி ஆடாமல் நிறுத்தினாள். அப்படியும் கீறல் போகவில்லை. கவனித்துப் பார்த்தால், நல்ல ஓரம் குப்பைக்குப் போகும் துண்டில் இருந்தது. கெட்ட ஓரம் போடியத்தில் நின்றது.

"நம்ம குடும்பம் மாதிரியே இருக்கு" என்றாள் நாத்தனார்.

பிசிறு கம்ப்யூட்டரில் பிட் துண்டைச் சுற்றி வரும் திசையைத் திருப்பிப் போட்டாள். அத்தோடு, முதல் சுற்றில் முழுசாக வெட்டாமல் ஒரு தாள் கனத்துக்குத் தோல் விட்டுவிட்டு, கடைசியில் ஒரே சுற்றில் நிற்காமல் அதைச் சீவி எடுத்தாள். ஓரம் திரும்பிக்கொண்டது. வழவழப்பு போடியத்துக்கு, கீறல் குப்பைக்கு. பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள் வரை தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகு போட்டாள். தேய்த்துத் தேய்த்து அவள் கைரேகையே அழிந்துபோயிற்று. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் அவளை ஆளே இல்லை என்றது.

ஒட்டி நிறுத்தியபோது போடியம் பட்டறையில் இருப்பதே தெரியவில்லை. தச்சர் அதன் மேல் இரண்டு முறை இடித்துக்கொண்டார்.

ஹால் திறப்பு விழா வந்தது. தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடுப்புக்கு மேலே அப்பழுக்கில்லாத மனிதர். கஞ்சி போட்ட சட்டை, வாரிய தலை, பையில் பேனா. அவர் பேசத் தொடங்கினால் கேட்கிறவர்கள் தலையணை இல்லையே என்று வருந்துவார்கள். அத்தனை ஆண்டுகளும் அவர் பெரிய மரப் போடியத்துக்குப் பின்னால் நின்றே பேசிப் பழகியவர். அந்த மறைவில் அவருடைய கால்கள் தனிக்குடித்தனம் நடத்தியிருக்கின்றன. அது யாருக்கும் தெரியாது, அவருக்குமே.

"அன்பார்ந்த உறுப்பினர்களே!" என்று தலைவர் கையைத் தூக்கினார். கீழே வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கெண்டைக்காலைச் சொறியத் தொடங்கியது. மூன்றாம் வரிசையில் ஒருவர் கனைத்தார். "எளிமையே என் வாழ்க்கை" என்றபோது கட்டைவிரல் தரையில் வட்டம் போட்டது. "சங்கத்தின் வரவு செலவில்" என்று தொடங்கியதும் பத்து விரல்களும் ஒன்றாகச் சுருண்டு கொண்டன. "எந்த ஒளிவுமறைவும்" என்ற இடத்தில் முழங்கால் தையல் மெஷின் போல ஆடியது. வேட்டியின் கரையும் கூடச் சேர்ந்து ஆடியது.

"மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்" என்று நாத்தனார் பிசிறின் காதில் சொன்னாள். "கீழ இருக்கறவர்தான் உண்மையப் பேசறார்."

பிசிறு எதையும் கவனிக்கவில்லை. அவள் போடியத்தின் ஓரத்தில் ஓடிய வெளிச்சக் கோட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் விலாவில் இடித்த பிறகுதான் அவள் பார்வை அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. வாயை மூடினாள், அது மூக்கு வழியாக வந்தது.

அன்று ஹாலில் ஒருவரும் தூங்கவில்லை. எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தன் பேச்சுக்குத்தான் இவ்வளவு மவுசு என்று தலைவர் பூரித்துப்போய், இன்னும் கொஞ்சம் நீட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. யார் போய் அவர் காதில் போட்டார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் காலை போடியத்தை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"இதைக் கொஞ்சம் மங்கலாக்கிக் குடும்மா. உப்புத்தாள் போட்டுத் தேச்சா ஆயிடும்ங்கறாங்க."

பிசிறு மெருகுத் துணியைக் கீழே வைத்தாள். "நீங்கதானே வெளிப்படையா வேணும்னு கேட்டீங்க?"

"கேட்டேன்தான். வெளிப்படை முட்டிக்கு மேல போதும்மா."

"என் கையால அதைத் தேய்க்க மாட்டேன்."

தலைவர் தச்சர் பக்கம் திரும்பினார். ஆம்பிளையிடம் பேசினால் காரியம் ஆகும் என்று நினைத்திருப்பார். தச்சரும் பெட்டியைத் திறந்து முரட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போடியத்தின் முன் குந்தினார். பிசிறு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழிவாங்க இதைவிட நல்ல நாள் அவருக்கு வாய்க்காது.

தச்சர் முதலில் இடது கையால் ஓரத்தைப் பிடித்தார். கட்டைவிரல் மேலிருந்து கீழே ஓடியது. மறுபடி கீழிருந்து மேலே. மூலையில் கொஞ்சம் நின்றது. அவர் எழுந்து உப்புத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னால ஆகாது தலைவரே. வேற ஆளைப் பாருங்க."

"ஏம்பா? மரம்னா தேய்க்கறே இல்ல?"

"மரத்துல தேய்க்க ஏதாவது இருக்கும். இதுல தேய்க்க ஒண்ணுமே இல்லையே."

தலைவருக்கு அது விளங்கவில்லை. பிசிறுக்கு விளங்கியது. அவள் சட்டென்று விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

தலைவர் வேறு ஆளைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆண்டுக் கூட்டம் நெருங்கிவிட்டது. பழைய மரப் போடியத்தை யாரோ அடுப்புக்கு உடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதே போடியத்தின் பின்னால் நின்றார். புதுச் செருப்பு, அட்டென்ஷனில் கால். ஒரு மனிதன் சொறியாமல், ஆடாமல் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? அவருடைய பேச்சு கால்வாசியாகச் சுருங்கியது. உறுப்பினர்கள் வெயில் சாய்வதற்கு முன் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் பிசிறைப் பார்த்தவர்கள் எல்லாம் காரணம் சொல்லாமல் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக ஆர்டர் வந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் முதல்வருக்காகக் கேட்டார்கள். ஒரு கம்பெனித் தொழிலாளர்கள் மேனேஜருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டார்கள். அடுத்த தெருச் சங்கத் தேர்தலில் நின்று தோற்றவர், தன்னை ஜெயித்த தலைவருக்கு நன்கொடையாக ஒன்று கேட்டார். இத்தனை பேரில் ஒருவர்கூடத் தனக்கென்று கேட்கவில்லை.

இப்போது பட்டறையில் இரண்டு மெஷின். ஒன்றில் மரத்தூள், ஒன்றில் வெள்ளைச் சில்லு, நடுவே ஒரு திரை. திரையைத் தாண்டி ஒரு பிடி தூசி வந்தாலும் சண்டைதான். போன வாரம் கல்லூரிக்கான போடியம் முடிந்ததும், தச்சர் அதன் பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பார்ந்த மனைவியே..."

பிசிறு நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் வரை மரத்தூள். ஒரு கால் மெல்லத் தூக்கிக்கொண்டு மற்றக் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மேல சொல்லுங்க" என்று கையில் மெருகுத் துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல, அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.